பிரிந்து போனவருக்காகப் பல்லாண்டு காத்திருப்பது உண்மை அன்பா, கடந்த காலத்தில் சிக்கிக்கொள்வதா?

கேட்டவர் தம் நிலையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். நேசித்தவர் பிரிந்து போய்ப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வருவேன் என்றும் அவர் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தொடர்பு மெல்ல மெல்ல அறுந்துவிட்டது. இன்னொருவரை நினைத்துப் பார்ப்பதுகூடத் துரோகமாகப் படுகிறது. சுற்றியிருப்பவர்களோ 'பழசிலேயே வாழ்கிறாய்' என்கிறார்கள். இது உண்மை அன்பா, அல்லது மனநோயா என்பது கேள்வி.

இந்த நிலையில் இருப்பவரிடம் ஒரு சாரார் 'இதுவல்லவோ காதல்' என்று போற்றிப் பேசுவார்கள். மறு சாரார் 'மறந்துவிட்டு வேலையைப் பார்' என்று அதட்டுவார்கள். அன்பு செலுத்துவதையும் காத்திருப்பதையும் ஒன்றெனக் கொள்வதால்தான் இரண்டு பேச்சும் பிறக்கின்றன என்பது என் கருத்து. அன்பு நமக்குள் இருக்கும் உணர்வு. அதை ஆணையிட்டு வரவழைக்கவும் முடியாது, விரட்டவும் முடியாது. காத்திருத்தலோ, கையில் கிடைத்திருக்கும் இன்றைய பொழுதை வராத ஒருவருக்காக ஒதுக்கி வைப்பதென்று அன்றன்றைக்கு நாம் எடுக்கும் முடிவு. துணையை மரணத்தில் பறிகொடுத்தவர் இறுதிவரை அவரை நேசிக்கிறார், ஆனால் அவர் வருவார் என்று வாசலைப் பார்த்திருப்பதில்லை. ஆகவே காத்திருப்பதை நிறுத்தினால் அன்பும் நின்றுபோகும் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பெரிய அச்சம் அதுதான் என்று தோன்றுவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உளவியலும் இந்த இடத்துக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. இழந்தவரிடமிருந்து பற்றைச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுப்பதே துக்கத்தின் வேலை என்று சிக்மண்ட் ஃபிராய்ட் 1917இல் எழுதினார். அவருடைய மகள் சோஃபி 1920இல் இறந்தார். மகனை இழந்து வருந்திய நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு 1929இல் ஃபிராய்ட் எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும், அப்படி இருப்பதே சரி, விட்டுவிட விரும்பாத அன்பைத் தொடர்வதற்கு அதுவே வழி என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். தாம் வகுத்த கோட்பாட்டைவிடத் தம் துக்கம் பெரிதாக இருந்ததை அவர் மறைக்கவில்லை. பின்னர் 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர், இழந்தவருடனான உறவு அறுவதில்லை, அது வேறு வடிவில் தொடர்கிறது, அவ்வாறு தொடர்வது இயல்பானதே என்ற கருத்தை வலுவாக முன்வைத்தார்கள். எனவே உங்கள் மனத்தில் அவர் இன்னும் இருக்கிறார் என்பதை மட்டும் வைத்து உங்களை நோயாளி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் காத்திருத்தலைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே யோசிக்க வேண்டும். நம் அக இலக்கியம் காத்திருத்தலை உச்சத்தில் வைத்துப் பாடியது உண்மை. முல்லைத் திணையின் உரிப்பொருளே இருத்தல்தான்; தலைவன் திரும்பும்வரை தலைவி ஆற்றியிருத்தல். எனினும் அந்த இருத்தலுக்கு ஓர் அடிப்படை இருந்தது: கார்காலத்தில் வருவேன் என்று அவன் பருவம் குறித்துச் சென்றிருந்தான். குறுந்தொகையில் ஓதலாந்தையார் பாடிய 21ஆம் பாடலில், கொன்றை பூத்துக் காடே கார் வந்துவிட்டதென்று அறிவிக்கிறது. தலைவியோ, காடே சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள். அந்த உறுதி படிப்பவரை உருக்கிவிடும். கூடவே, கண்முன் பூத்து நிற்கும் சான்றை ஒரு சொல்லுக்காக அவள் மறுக்கிறாள் என்பதையும் கவனியுங்கள். மறுப்பதற்கு அவளிடம் ஒரு சொல்லாவது இருந்தது. ஒருவர் பக்கம் மட்டும் நிற்கும் காமத்தைக் கைக்கிளை என்று பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு வெளியே தனியாக வைத்தது தொல்காப்பியம். இருவர் உள்ளமும் ஒத்திருந்த இடத்தில்தான் இருத்தல் சிறப்புப் பெற்றது.

ஆகவே உங்களை நான் முதலில் கேட்க விரும்புவது: நீங்கள் காத்துவரும் வாக்கு யார் யாருக்குக் கொடுத்தது? இருவரும் பேசி, ஏதோ ஒரு தடையினால் பிரிந்து, அது நீங்கும்வரை பொறுத்திருப்போம் என்று முடிவு செய்திருந்தால், எத்தனை ஆண்டு ஆனாலும் அது இருவருக்கும் பொதுவான காத்திருப்பு. அவர் எதுவும் சொல்லாமல் போயிருந்தால், வாக்கைக் கொடுத்தவரும் வாங்கிக்கொண்டவரும் நீங்களே. அதனால் உங்கள் அன்பு தாழ்ந்துவிடாது. ஆனால் அதை மீறுவது அவருக்குச் செய்யும் துரோகம் என்ற எண்ணம் மட்டும் நிற்காது, ஏனென்றால் நீங்கள் காத்திருக்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை.

இதெல்லாம் அறிவுக்குப் புரிந்தாலும் மனம் ஏன் விட மறுக்கிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, தெளிவற்ற இழப்பு என்ற கருத்தை உருவாக்கினார். உடலால் இல்லாதவர் மனத்தில் முழுமையாக இருக்கிறார். இருக்கிறாரா இல்லையா என்று உறுதி செய்ய வழியில்லை. சடங்கு இல்லை, ஆறுதல் சொல்ல வருபவர் இல்லை, அழுவதற்குக்கூட உரிமை இருக்கிறதா என்ற ஐயம் வேறு. இவ்வகை இழப்பில் துக்கம் உறைந்துவிடுகிறது என்றும், அதற்குக் காரணம் அந்த மனிதரின் பலவீனமன்று, அந்தச் சூழலே என்றும் பாஸ் வற்புறுத்தினார். ஒரு வார்த்தையும் இல்லாமல் விலகிப்போன காதலும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததே. தெளிவாக 'வேண்டாம்' என்ற பதிலைப் பெற்றவர்களைவிட, எந்தப் பதிலும் கிடைக்காதவர்களே நீண்ட காலம் காத்திருப்பதன் காரணம் இதில் இருக்கிறது.

பிரித்தானிய உளமருத்துவர் ஜான் போல்பி இழப்பின் போக்கை நான்கு கட்டங்களாக விளக்கினார். முதலில் மரத்துப்போகும் நிலை, அடுத்து ஏங்கித் தேடும் நிலை, பிறகு எல்லாம் குலைந்து நம்பிக்கை இழக்கும் நிலை, கடைசியாக வாழ்வை மீண்டும் அமைத்துக்கொள்ளும் நிலை. இவை வரிசை பிசகாமல் வரும் என்று கொள்ள வேண்டியதில்லை. என்றாலும் காத்திருப்பவர் எங்கே நிற்கிறார் என்று காண இது உதவுகிறது: அவர் இரண்டாம் நிலையிலேயே குடியிருக்கிறார். மூன்றாவது நிலை, அதாவது இழந்தேவிட்டேன் என்று முழுமையாக உணரும் அந்த இருண்ட காலம், தாங்க முடியாததாகத் தோன்றுவதால், தேடலை முடிக்காமல் வைத்திருக்கிறார். இன்னும் இழக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொள்ளக் காத்திருப்பு இடம் தருகிறது. அது ஒரு பாதுகாப்புத்தான். நான்காவது நிலைக்குப் போகும் வழி மூன்றாவதன் ஊடாகவே செல்கிறது என்பதுதான் அதிலுள்ள துயரம்.

மூளையைப் படம்பிடித்த ஆய்வுகளும் ஒன்றிரண்டு உண்டு. ஹெலன் ஃபிஷரும் உடன் பணியாற்றியவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் காதலரால் மறுக்கப்பட்டு, இன்னும் ஆழமாக நேசித்துக்கொண்டிருந்த 15 பேருக்கு அவர்கள் நேசித்தவரின் படத்தைக் காட்டியபோது, வெகுமதியை நாடும் வேட்கையோடும் போதைப்பொருள் ஏக்கத்தோடும் தொடர்புள்ள பகுதிகள் இயங்கின. மிகச் சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் இன்னொன்றும் தெரிந்தது: பிரிந்து நாட்கள் ஆக ஆக, பிணைப்போடு தொடர்புள்ள ஒரு பகுதியின் இயக்கம் குறைந்து காணப்பட்டது. அப்படியென்றால் காலம் தன் வேலையைச் செய்யக்கூடியதுதான். சிலருக்கு மட்டும் அது நடக்காமல் போவது ஏன்?

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த பி. எஃப். ஸ்கின்னரின் பணியிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்துப் பழகிய செயல், பலன் நின்றதும் விரைவில் ஓய்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாதபடி எப்போதாவது மட்டும் பலன் கிடைத்துப் பழகிய செயல் எளிதில் ஓயாது. ஓர் ஆண்டு மௌனத்துக்குப் பிறகு வரும் ஒரு வரி வாழ்த்து, பொது நண்பர் சொன்ன ஒரு சேதி, சமூக ஊடகத்தில் மாறிய ஒரு புகைப்படம், இவை ஒவ்வொன்றும் அத்தகைய பலன்தான். அவர் எதையும் எண்ணாமல் அனுப்பியிருக்கலாம். இங்கே அது இன்னும் ஈராண்டு காத்திருக்கப் போதுமானதாகிவிடுகிறது. பலர் தாங்கள் உறுதியால் காத்திருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் இத்தகைய துணுக்குகளே அவர்களைக் கட்டி வைத்திருக்கின்றன.

இனி நினைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியின் மையம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இலேயே, நினைவுகூர்தல் என்பது பழையதை அப்படியே எடுத்துப் பார்ப்பதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்று காட்டினார். கரீம் நாதரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் எலிகளிடம் செய்த ஆய்வு, மீட்டெடுக்கப்பட்ட அச்ச நினைவு சிறிது நேரம் நெகிழ்ந்து, மீண்டும் உறுதிப்பட வேண்டிய நிலைக்கு வருவதைக் காட்டியது. மனித மனத்தில் இது எந்த அளவுக்கு நிகழ்கிறது என்ற ஆராய்ச்சி இன்றும் தொடர்கிறது. ஆனால் அதிகமாக நினைக்கப்பட்ட நினைவு அதிகமாகத் திருத்தப்பட்டதாகவும் இருக்கக்கூடும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பத்தாண்டுகளாக நாள்தோறும் நீங்கள் நினைத்துவந்த அந்த மனிதரிடம் உங்கள் கைவேலை எவ்வளவோ ஏறியிருக்கும். அவருடைய பொறுமையின்மையும் நிறைவேறாத வாக்குகளும் மங்கியிருக்கும். அவர் ஒருமுறை பேசிய கனிவான பேச்சு நூறு முறை பேசியதாக ஒலிக்கும். இதற்கிடையில் உண்மையான அவர் பத்து வயது கூடி, வேறு துக்கங்களும் வேறு பழக்கங்களும் உடைய வேறொருவராகியிருப்பார்.

அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. மோட் கான் என்ற பெண்ணை அவர் 1889இல் சந்தித்தார். 1891இல் மணந்துகொள்ளக் கேட்டார், மோட் கான் மறுத்துவிட்டார். பின்னரும் யேட்ஸ் மூன்று முறை கேட்டு மறுப்பையே பெற்றார். மோட் கான் 1903இல் வேறொருவரை மணந்தார். அந்தக் கணவர் 1916இல் மரண தண்டனைக்கு ஆளான பின் யேட்ஸ் மீண்டும் கேட்டார், அப்போதும் மறுப்புத்தான். அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணின் மகள் இசால்ட்டையே மணக்கக் கேட்டார், அவரும் மறுத்தார். எனக்கு மிகவும் வேதனை தரும் பகுதி இதுதான். ஒரு பெண்மீது கொண்ட பற்று கால் நூற்றாண்டில் ஓர் உருவத்தின்மீது கொண்ட பற்றாக மாறியிருந்ததால்தான், அந்த உருவத்தின் சாயல் கொண்ட இன்னொருவரிடம் அது தாவ முடிந்தது. அதே 1917ஆம் ஆண்டு அக்டோபரில், தம் 52ஆம் வயதில், ஜார்ஜி ஹைட்-லீஸை யேட்ஸ் மணந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தனர். அவருடைய மிக வலிமையான கவிதைகளில் பல அதற்குப் பிந்தியவை. அந்தக் காத்திருப்புக் காலம் வீணென்று நான் சொல்லமாட்டேன். அக்காலத்திலும் அவர் எழுதினார், 1904இல் திறக்கப்பட்ட ஆபி நாடக அரங்கை நிறுவுவதில் முன்னின்றார். அவருக்கு வாழ்வு நிற்கவில்லை. அன்பு நிறைவேறாத ஒருவர் வாழ்வையும் சேர்த்து நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

பழசிலேயே வாழ்கிறாய் என்ற குற்றச்சாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. விட்டுப் பிரிந்ததை நினைத்து ஏங்குவதை யோஹானெஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688இல் ஒரு நோயாகவே எழுதினார். வீட்டைப் பிரிந்தவர்களிடம் காணப்பட்ட ஏக்கத்தை அவர் அவ்வாறு விவரித்தார். இன்று ஆய்வாளர்கள் அப்படிக் கருதுவதில்லை. கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ், டிம் வில்ட்ஷட் ஆகியோர் 2006 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள், பழையதை நினைத்து நெகிழ்வது தனிமையின் கசப்பைத் தணித்து, பிறரோடு இணைந்திருக்கும் உணர்வைக் கூட்டக்கூடியது என்று காட்டுகின்றன. ஆகவே எவ்வளவு நேரம் நினைக்கிறீர்கள் என்பதைவிட, நினைத்து முடித்ததும் என்ன ஆகிறது என்பதே முக்கியம். நினைவிலிருந்து எழுந்து வந்து எதிரில் இருப்பவரிடம் இன்னும் கனிவாகப் பேச முடிகிறதென்றால் அந்தக் கடந்த காலம் உங்களுக்குச் சோறு போடுகிறது. எதிரில் இருப்பவர் எல்லோரும் அவருக்கு ஈடில்லாதவர்களாகவே தெரிகிறார்கள், புதிய ஊருக்கு மாற, புதிய வேலையை ஏற்க, வீட்டில் ஒரு பொருளை நகர்த்தக்கூட 'அவர் வந்தால்' என்ற எண்ணம் குறுக்கே நிற்கிறது என்றால், அது உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

திரும்பச் சேர்ந்தவர்களே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். இழந்த காதலரோடு மீண்டும் இணைய முயன்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்க உளவியலாளர் நான்சி கேலிஷ் 1990களில் தகவல் திரட்டியபோது, பெரும்பான்மையினர் அப்போது ஒன்றாகவே இருந்தார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையை நம்பிக்கைக்குப் பிணையாக வைத்துவிடாதீர்கள். அவர்கள் தாங்களே முன்வந்து கதை சொன்னவர்கள். தேடியும் கிடைக்காமல் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. மேலும் அவர்களில் பலர் இளவயதில் பெற்றோரின் எதிர்ப்பு போன்ற வெளிக் காரணங்களால் பிரிக்கப்பட்டவர்கள். ஒருவர் மற்றவரைத் துறந்ததால் பிரிந்தவர்கள் அல்லர். உங்கள் பிரிவு இவற்றுள் எந்த வகை என்பது உங்களுக்கே தெரியும்.

செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன். அவர் ஏற்கெனவே மறுப்புச் சொல்லாதவராகவும், வேறு மண உறவில் இல்லாதவராகவும், அவரை அடைய நேரான வழி உள்ளவராகவும் இருந்தால், ஒரே ஒருமுறை தெளிவாகக் கேட்டுவிடுங்கள். சாடை பேச்சு வேண்டாம், பழைய நினைவுகளால் உருக்கவும் வேண்டாம். 'எனக்கு இன்னும் இந்த எண்ணம் இருக்கிறது, உங்களுக்கு இருக்கிறதா' என்று கேட்டால் போதும். மறுப்பு வந்தால் அதுவே விடை; நாகரிகத்துக்காகச் சொன்ன மென்மையான சொற்களுக்குள் வேறு பொருள் தேடாதீர்கள். பதிலே வராமல் போனால் அந்த மௌனத்தையும் விடையாக ஏற்பதற்கு ஒரு நாளை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். முல்லைக்குப் பருவம் இருந்தது. உங்களுக்கு யாரும் குறித்துத் தராததால் நீங்கள்தான் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டாம் முறை கேட்பது, அவருடைய அமைதியைக் குலைப்பதாகிவிடும்.

அந்த நாளுக்குப் பிறகு அவருடைய பக்கங்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள். பொது நண்பர்களிடம் சேதி கேட்பதையும் நிறுத்துங்கள். கடிதங்களையும் பொருட்களையும் கோபத்தில் அழிக்க வேண்டாம், கண்ணில் படாத இடத்தில் வைத்தால் போதும். துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கியும் வாழ்வை நோக்கியும் மாறி மாறி அலைவதே இயல்பானது என்று மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஸ்கட்டும் 1999இல் விளக்கினார்கள். ஆகவே ஒருநாள் நன்றாக இருந்துவிட்டு மறுநாள் அழுதால் தோற்றுவிட்டதாக எண்ணாதீர்கள். எழுதுவதும் உதவக்கூடும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைப் பாதித்த நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குக் கால் மணி நேரம் எழுதிய மாணவர்கள், எழுதிய வேளையில் வருந்தினாலும் பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே சென்றார்கள். எழுதும்போது அவர் படிப்பார் என்று எண்ணி எழுதாதீர்கள். நடந்ததை நடந்தபடி, அவருடைய குறைகளையும் உங்களுடையவற்றையும் விடாமல், உங்களுக்காக எழுதுங்கள்.

இவற்றின் முடிவு இன்னொரு திருமணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தனியாக வாழ்வதென்று தெளிந்து முடிவெடுப்பது முழுமையான வாழ்க்கையே. யாரோ வரும்வரை தனியாக இருப்பதுதான் இடைக்கால வாழ்க்கை. அதே போல, மறப்பதற்கு மருந்தாக ஒருவரை மணக்கவும் வேண்டாம். அந்தப் புதியவர் உங்களோடு மட்டுமல்ல, அவருக்குத் தெரியாத ஒருவரின் நிழலோடும் காலமெல்லாம் வாழ நேரிடும். அது அவருக்குச் செய்யும் அநீதி.

நோயா என்று கேட்டதற்கும் நேராக விடை சொல்ல வேண்டும். நீடித்த துக்கக் கோளாறு என்ற பெயர் உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுக் கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் அது மரணத்தால் வந்த இழப்புக்கு மட்டுமே உரியது, காதல் பிரிவுக்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. பெயர் இல்லாவிட்டாலும் துன்பம் துன்பமே. உறக்கமும் உணவும் வேலையும் நெடுநாளாகக் கெட்டிருந்தால் உளமருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், நாள் கடத்தாமல் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் காத்திருப்பதை நிறுத்திய பிறகு, என்றோ ஒருநாள் அவர் திரும்பி வந்துவிட்டால்? அதுவும் நடக்கக்கூடியதே, அப்போது நீங்கள் எதையும் இழந்திருக்க மாட்டீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடர முயலாமல், புதிதாக அறிமுகமான ஒருவரிடம் கேட்பதைப் போல, இந்த ஆண்டுகளில் எப்படி வாழ்ந்தார், ஏன் போனார், ஏன் இப்போது வந்தார் என்று கேளுங்கள். சில மாதங்களாவது பழகிப் பாருங்கள். உங்கள் நினைவில் இருப்பவரை அவரிடம் தேடாமல், வந்திருப்பவரையே உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அதன் பிறகு முடிவு செய்யலாம்.